கம்பளி உலர்த்துங் களம்

நூற்றலும் நெய்தலும் அறிந்தோரே உலர்த்துதலின் அருமையையும் அறிவர். ஆட்டுமயிர் கொண்டு ஆடை நெய்தல் நம் நாட்டிலும் பழந்தொழிலேயாம். மதுரை அறுவை வீதியில் பருத்தி, பட்டு என்பவற்றோடு மயிரால் நெய்த ஆடைகளும் அடுக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறும். அத்தொழிலில் உலர்த்துங் களமானது எத்துணை வழக்குகளுக்கு இடமாயிற்று என்பதற்கு இங்கிலாந்து தேசத்துச் சரித்திரம் தக்க சான்றாகும். அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

முதற்கண் நூலின் இயல்பை நோக்குவோம். கையால் நூற்ற கம்பளிநூலை வெதுவெதுப்பான நீரில் அலசியபின் முறுக்கிப் பிழிதலாகாது. பிழிந்தால் மயிரின்மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்ற, நூல் திரண்டு கெடும். துணியிற் சுற்றி அழுத்தி நீரை வாங்கி, சிட்டத்தைக் கழியிலிட்டு நிழற்காற்றில் ஆறவிடுதலே முறை. சிட்டத்தின் அடியிற் பாரங் கட்டினால் நூல் நேராகவும் நீளமாகவும் காயும். ஆயின் அந்நீளம் நிலையாது. மறுமுறை நனைந்தவுடன் நூல் தன் பழைய அளவிற்கே மீளும்.

நெய்த கம்பளிக்கும் இவ்வியல்பு உண்டு. யார்க்ஷயரைச் சார்ந்த ஹாலிபாக்ஸ் பகுதியினர் தம் மனைகளில் நெய்த கம்பளியை நீராற்றலால் இயங்கும் சம்மட்டிகளால் துவைத்துக் கெட்டியாக்குவர். பின்னர் ஈரத்தோடு மரச்சட்டங்களிற் கொக்கிகளால் மாட்டி வெயிலில் உலர்த்துவர். துணி கோணாமற் காய்வதற்கே அச்சட்டங்கள் ஏற்பட்டன. சிலரோ அளவுமீறி இழுத்து, இல்லாத நீளத்தை விலைக்கு விற்றனர். வாங்கியவர் முதல் மழையிலேயே வஞ்சகத்தை உணர்ந்தனர். ஆகவே 1597-ஆம் ஆண்டில், எலிஸபெத் அரசியார் காலத்தில், வடபகுதித் துணிகளை இழுத்து நீட்டுதலைத் தடுக்கச் சட்டம் பிறந்தது.

மற்றொரு தீங்கும் அக்களத்தில் இருந்தது. குடும்பத்தார் பலர் பலநாள் உழைத்த பயன் வெட்டவெளியில் காவலின்றித் தொங்கிற்று. 13½ பென்ஸ் பெறுமான பொருளைத் திருடி அகப்பட்டவன் தலையை வெட்டுதல் ஹாலிபாக்ஸ் வழக்கம். அதற்கென ஒரு கோடரிப்பொறியும் அங்கு நின்றது. 16 கஜக் கம்பளியையும் குதிரைகளையும் திருடிய குற்றத்திற்காக 1650-இல் இருவர் ஒரே நாளில் மாண்டனர். அக்கொடிய வழக்கமும் அவ்வாண்டோடு ஒழிந்தது.

உலர்த்துஞ் சட்டங்களோ ஒழிந்தில. 1720-களில் அப்பகுதியைக் கண்டெழுதிய டீபோ, வீடுதோறும் அவை இருந்தமையையும் வெயிலில் துணிகள் ஒளிவீசியமையையும் வியந்துரைத்தார். கருவியின்மேற் குற்றமில்லை, கையாள்வோன் கருத்திலேதான் குற்றம்.

களவாடியவனுக்குத் தலை போயிற்று. ஈரத்துணியை இழுத்து விற்றவனும் பிறர் பொருளைக் கவர்ந்தவனே அன்றோ? முன்னவனைப் பிடிக்க ஊரார் விழித்திருந்தனர். பின்னவனுக்கு அவன் நெஞ்சையன்றி வேறு காவலில்லை. நம்முள் நூலும் தறியும் ஆள்வோர் இதனைச் சிந்திப்பாராக. பொய்யளவு ஒரு மழைக்கும் நில்லாது. மெய்யளவோ தலைமுறைக்கும் நற்பெயர் தரும்.