ஒலிப்பதிவுக் கருவியின் இரைச்சலை அளப்பது எப்படி?

வங்காலையில் 1985 ஜனவரியில் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்டபோது இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய சாட்சியங்களைப் பதிந்து வைக்க வேண்டிய காலம் இது. இழப்பைச் சொல்லும் இடத்தில்தான் குரல் தாழும். பின்னணி இரைச்சல் அந்தக் குரலை மூடிவிட்டால், கேட்க வேண்டிய சொல்லே கேட்காமல் போய்விடும்.

இரைச்சல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: அறை, ஒலிவாங்கி, கருவிக்குள் இருக்கும் ஒலிபெருக்கிச் சுற்று. கடைசியாகச் சொன்னதுதான் 'உஸ்' என்று தொடர்ந்து கேட்பது. 24 பிட்டில் பதிந்தாலும் அது குறையாது. ஏனெனில் ஒலி இலக்கமாக மாறுவதற்கு முன்பே இரைச்சல் அதில் சேர்ந்துவிடுகிறது.

வீட்டிலேயே அளக்கலாம்

1. கருவியை வேவ் வடிவத்தில் வையுங்கள். தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள். அது பேச்சு நிற்கும்போதெல்லாம் இரைச்சலை உயர்த்திக் காட்டும்.

2. இரவில், மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தி, கதவடைத்த அறையில் ஒரு நிமிட மௌனத்தைப் பதியுங்கள்.

3. ஒலிமட்டத்தை மாற்றாமல், வழமையான குரலில் ஒரு நிமிடம் பேசிப் பதியுங்கள்.

4. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டின் ஆர்.எம்.எஸ். அளவையும் பாருங்கள். பேச்சு −25, மௌனம் −65 என்றால் இடைவெளி 40 டெசிபெல். இந்த இடைவெளி கூடக்கூடப் பதிவு தெளிவாக இருக்கும்.

குற்றவாளி அறையா, கருவியா என்று அறிய, வெளி ஒலிவாங்கியைச் செருகும் துளையில் 150 ஓம் மின்தடை இணைத்த செருகியைப் பொருத்தி, அதே ஒலிமட்டத்தில் மீண்டும் பதியுங்கள். இப்போது பதிவாவது சுற்றின் இரைச்சல் மட்டுமே. இது மௌனப் பதிவின் அளவுக்கு அருகில் இருந்தால் கருவிதான் காரணம். மிகக் குறைவாக இருந்தால் அறையோ ஒலிவாங்கியோ காரணம்.

தயாரிப்பாளர்கள் இதையே 'சமான உள்ளீட்டு இரைச்சல்' என்று குறிப்பிடுவார்கள். −125 டிபியு, −115ஐ விட நல்லது. 150 ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சலே ஏறக்குறைய −131 என்பதால் அதற்குக் கீழே போக முடியாது.

செலவில்லாத தீர்வு

ஒலிவாங்கியை அருகே கொண்டு செல்லுங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபெல் உயரும். ஒரு மீற்றரிலிருந்து 25 சென்ரிமீற்றருக்கு வந்தால் 12 டெசிபெல். இரைச்சலோ அப்படியே இருக்கும்.

கடற்கரைக் காற்று வேறு விடயம். ஒலிவாங்கியில் அது மோதும் சத்தத்தைப் பின்னர் முழுமையாக நீக்க முடியாது. பஞ்சுறையோ மயிருறையோ போட்டு, சுவர் மறைவில் அமருங்கள்.

இரைச்சலை மென்பொருளால் குறைப்பதானால் பிரதியில் மட்டும் செய்யுங்கள். மூலப்பதிவைத் தொடாதீர்கள். அதை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். சாட்சி மீண்டும் ஒருமுறை சொல்வார் என்று நம்பியிருக்க முடியாது.