மாத்தளைக் கோட்டை வாசல்

மாத்தளை நகர மயானத்துப் பக்கம் போனவர்கள் அங்கு நிற்கும் பழைய கல் வாசலைக் கண்டிருப்பர். கண்டும் காணாதவராய்ப் போனவர்களே அதிகம். பலாபத்வலையிலிருந்து சில மைல் தூரமேயாயினும், அதனை எழுப்பியவர் யாவர் என்று எம் வாலிபர்களைக் கேட்டால் விடை கிடைப்பது அரிது. இன்றைய மாத்தளை நகரம் அந்த வாசலைச் சுற்றி வளர்ந்ததே என்பது எமது எண்ணம்.

1803ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தின்மீது படையெடுத்தனர். கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டவலும் திருகோணமலையிலிருந்து கேணல் பாபட்டும் சேனைகளுடன் வந்து கண்டியிற் கூடினர். அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முன்னரே தலைநகரை விட்டகன்றமையால், முத்துசாமி என்பவரை அரியணையில் இருத்தினர். திருகோணமலை வழியைக் காக்க மாத்தளையில் ஒரு காவலிடம் வேண்டியிருந்தது. தளபதியின் பெயரால் அது மக்டவல் கோட்டை எனப்பட்டது. கோட்டை என்ற பெயர் பெரிதேயன்றி, உண்மையில் அது வழிக்காவற் சாவடிதான்.

அதன் முதல் வாழ்வு சில மாதங்களே. காய்ச்சல், கண்டியர் சேனையினுங் கொடிய பகையாய் வெள்ளையரை வாட்டிற்று. யூன் இறுதியில் கண்டியிலிருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்து அழிந்தது. பாவம், முத்துசாமியும் கொல்லப்பட்டார். மாத்தளையிலிருந்த கப்டன் மாட்ஜ், நடக்கமாட்டாத நோயாளிகளை விட்டுவிட்டு, இரவோடிரவாகத் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். 1815இல் கண்டி வீழ்ந்த பின்னரே ஆங்கிலேயர் ஆட்சி இங்கு நிலைகொண்டது.

1848இல் நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை என்று தேசாதிபதி டொரிங்டன் விதித்ததும் குடிகள் பொங்கியெழுந்தனர். யூலை 28இல் புரன் அப்புவின் கூட்டத்தார் மாத்தளையைத் தாக்கினர். ஆகஸ்ட் 8இல் அவர் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்புள்ளையில் முடிசூடிய கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். இவ்வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

ஆனால், அதே காலத்தில் அதே வீதியால் வந்த எம் முன்னோரைப் பற்றி அறிந்தவர் சிலரே. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாருடன் புறப்பட்டோர், தோணியில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து, பலாபத்வலையினூடாக மாத்தளையை அடைந்தனர். நூறு மைலுக்கு மேற்பட்ட நடை. குடிக்க நல்ல நீரில்லை. வாந்திபேதியும் அம்மை நோயும் கூடவே நடந்தன. விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். கோட்டை மயானத்தில் வெள்ளையர் கல்லறைகளுக்குப் பெயரும் ஆண்டும் பொறித்த கற்களுண்டு. இந்த வீதியில் மாண்ட எம்மவருக்கு ஒரு கல்லுமில்லை.

மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். அதற்குள் கோப்பி இலைநோயால் அழியத் தொடங்கிற்று. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதனிடத்தைப் பிடித்தன.

உயிர்தப்பி வந்து சேர்ந்தோர், மழைக்கும் நோய்க்கும் உரிய தாயை மறக்கவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயம் அவர்களின் பக்தியில் வளர்ந்ததே. 1983 யூலைக் கலவரத்தில் ஆலயம் தாக்கப்பட்டது, தேர்களும் தீக்கிரையாயின. பின்னர் புதுத் தேர்கள் செய்யப்பட்டன. மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் மாத்தளை வீதியில் வருகின்றன. வடம் பிடிக்க எமது தோட்டங்களிலிருந்தும் சனங்கள் போகிறார்கள்.