முதல் சுற்றை ஓடியவர்

1968 மெக்சிகோ ஒலிம்பிக் என்றதும் நமக்கு ஒரு படம்தான் நினைவுக்கு வரும். டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்ற இரு கறுப்பின வீரர்கள் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நிற்கும் படம். அது அக்டோபர் 16. நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் நடந்த ஓர் ஓட்டத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அது ஆண்கள் 1500 மீட்டர் இறுதிப்போட்டி. உலக சாதனை அமெரிக்காவின் ஜிம் ரயன் கையில் இருந்தது: 3 நிமிடம் 33.1 வினாடி. கடைசிச் சுற்றில் அவர் வேகமெடுத்தால் பிடிக்க ஆளில்லை. எதிரே கென்யாவின் கிப் கெய்னோ. அவருடைய நாடு பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. அவரோ பித்தப்பை வலியோடு இருந்தார். சில நாட்களுக்கு முன் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வலி தாங்காமல் சரிந்து விழுந்தவர்.

மெக்சிகோ நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. தொடக்கத்திலேயே ஓட்டத்தைக் கடுமையாக்கிவிட்டால், ரயனின் கடைசிச் சுற்று வேகம் பலிக்காது. அப்படிக் கடுமையாக்க ஒருவர் தன் பலத்தையெல்லாம் முதலிலேயே செலவழிக்க வேண்டும். அதைச் செய்தவர் கென்யாவின் இன்னொரு வீரர் பென் ஜிப்சோ. முதல் 400 மீட்டரை 56 வினாடியில் இழுத்துச் சென்றார். பிறகு கெய்னோ முன்னால் போனார். 3:34.9 என்ற ஒலிம்பிக் சாதனையோடு, ரயனைவிடச் சுமார் 20 மீட்டர் முன்னதாகத் தங்கம் வென்றார். ஜிப்சோ பத்தாவதாக வந்தார். தான் ஓடிய விதத்துக்காகப் பின்னாளில் ரயனிடம் அவர் மன்னிப்பும் கேட்டார்.

ஆனால் ஜிப்சோவின் கதை அந்தப் பத்தாவது இடத்தோடு முடியவில்லை. 1972 மியூனிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் கெய்னோவுக்கு அடுத்து வெள்ளி வென்றார். 1973இல் அதே ஓட்டத்தில் உலக சாதனை படைத்தார். 1974 காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார்.

இதை நாம் கவனிக்க வேண்டும். ‘தியாகம்’ என்ற சொல்லை எளிதில் நம்பக்கூடாதவர்கள் நாம். தலைமுறைகளாக நம் மக்களிடம் பிடுங்கிய உழைப்புக்குக் ‘கடமை’ என்றும் ‘சேவை’ என்றும் பெயர் வைத்த சமூகம் இது. ஒருவரே எப்போதும் முன்னோடி இழுக்க, இன்னொருவரே எப்போதும் பதக்கம் வாங்கினால், அதைக் கூட்டுழைப்பு என்று சொல்ல முடியாது.

நம் அமைப்புகளில் இரவில் சுவரொட்டி ஒட்டுபவர்கள் யார்? கூட்டத்துக்குச் சமைப்பவர்கள் யார்? காவல் நிலையத்தில் விடியும்வரை காத்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் இளைய தோழர்கள், பெண்கள். அவர்களுக்கான ஓட்டம் எப்போது? அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர் பட்டியல் எழுதும்போது, முதல் சுற்றை ஓடியவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்போம்.