வளர்ப்பு இல்லங்களில் குழந்தை எண்ணிக்கை வரம்பு

பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்ப்போர், ஒரே சமயத்தில் எத்தனை பேரை ஏற்கலாம் எனச் சட்டம் வகுக்கும் உச்ச அளவே இந்த வரம்பு. இதன் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. கூலி பெற்றுக் கைக்குழந்தைகளை வாங்கிச் சாகவிட்ட குற்றத்துக்காக, லண்டன் பிரிக்ஸ்டனில் வசித்த மார்கரெட் வாட்டர்ஸ் 1870இல் தூக்கிலிடப்பட்டார். அதையடுத்து வந்த 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் கூலிக்கு வளர்க்கும் வீடு பதிவுபெற வேண்டும். இரட்டையர் என்றால் இருவரை அனுமதிக்கலாம். ஆக, வரம்பும் விலக்கும் ஒன்றாகவே பிறந்தன.

இன்றைய சட்டங்களிலும் இந்த அமைப்பே தொடர்கிறது. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை வரம்பை மூன்றாக வைக்கிறது. எல்லாரும் உடன்பிறந்தவர்கள் என்றால் அது பொருந்தாது. மற்றபடி மூன்றைத் தாண்ட உள்ளாட்சி அமைப்பின் எழுத்துமூல விலக்கு வேண்டும்; அதில் குழந்தைகளின் பெயர்களையே குறிப்பிட வேண்டும். விலக்கின்றி மீறினால் அந்த வீடு சட்டத்தின் கண்ணில் குழந்தைகள் காப்பகமாகிவிடும். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு என்ற வரம்பை மத்திய அரசின் நிதியுதவியோடு பிணைத்தது. உடன்பிறந்தோரைப் பிரிக்காதிருத்தல், கடும் ஊனமுள்ள குழந்தையைப் பயிற்சி பெற்ற குடும்பத்திடம் சேர்த்தல் போன்றவை விலக்குக்குரிய காரணங்கள்.

மூன்று, ஆறு என்று நாட்டுக்கு நாடு மாறும் எண்ணுக்கு என்ன நியாயம் என்று கேட்கலாம். எண் மட்டுமே தரத்தைக் காட்டாது என்பது உண்மைதான்; வளர்ப்போரின் சொந்தப் பிள்ளைகள் இவ்விரு கணக்கிலும் வருவதில்லை. ஆனால், அதிகாரி எந்தக் கட்டத்தில் எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதை எண்தான் வரையறுக்கிறது. எண் இல்லாவிட்டால், ‘இன்னும் ஒருவர்தானே’ என்ற சமாதானத்துக்கு முடிவிருக்காது. வீடுகள் பற்றாக்குறையாக உள்ளபோது வரம்பு குழந்தைகளைக் காப்பகத்துக்குத் தள்ளும் என்ற எதிர்வாதம் இன்னும் வலுவானது. ஆனால் அதே 2018ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பம் அல்லாத பெரும்பாலான இல்லங்களுக்கான மத்திய நிதியை இரண்டு வாரத்தோடு நிறுத்துகிறது. காப்பகத்தை மூடிவிட்டு வரம்பையும் தளர்த்தினால், வளர்ப்பு வீடே பெயர் மாறிய காப்பகமாகும். பற்றாக்குறைக்குத் தீர்வு புதிய குடும்பங்களைச் சேர்ப்பதும் இருப்பவர்களுக்கு உதவித்தொகையை உயர்த்துவதும்தான். இருக்கும் வீட்டில் மேலும் ஒரு கட்டில் போடுவதல்ல.