சைகோனில் நம்மவர் எழுப்பிய பள்ளிவாசல்

பெருந்தொற்றுக் காலத்தில் அடைத்திருந்த தன் எல்லைகளை வியட்நாம் 2022 மார்ச் 15 அன்று பயணிகளுக்கு மீண்டும் திறந்தது. 2023 நவம்பரில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஹோசிமின் நகருக்கு நேரடி விமானமும் பறக்கத் தொடங்கியது. உடையார்பாளையத்திலிருந்து புறப்படும் நமக்கு இது பெரும் வசதி. ஆயினும், இப்பாதை நம் சமுதாயத்துக்குப் புதிதன்று.

அந்நகர் சைகோன் என்னும் பெயரில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், அதே ஆட்சியின் கீழிருந்த காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தமிழ் முஸ்லிம்கள் கப்பலேறினர். துணி வணிகமும் நாணய மாற்றும் செய்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் டோங் டூ தெருவில் ஒரு பள்ளிவாசலை எழுப்பினர். 1975இல் போர் முடிந்து ஆட்சி மாறியபின் நம்மவருள் பெரும்பாலோர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். கடைகள் போயின; பள்ளிவாசல் நிலைத்தது. இன்று அங்கே ஜும்ஆவுக்குப் பல நாட்டு முஸ்லிம்கள் ஒரே ஸஃப்பில் நிற்கின்றனர்.

கட்டியவர் மறைந்த பின்னும் அவரைச் சென்றடையும் நன்மையையே சதக்கத்துல் ஜாரியா என்கிறோம். வியட்நாம் செல்லும் நாம், கண்ணுக்கினிய இடங்களைக் கண்டு திரும்புவதோடு அமையாமல், அப்பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது, பெயரறியா அம்முன்னோருக்காகவும் துஆச் செய்வோமாக.