மூன்றாம் அங்கம்: தாரியோ ஃபோவின் குழு அரங்கு மாறிய வரலாறு

செல்வத்தையும் வர்க்கத்தையும் சாடும் நாடகம். ஆனால் மேடையில் ஒரு முதலாளிகூட வருவதில்லை. இத்தாலிய நாடகாசிரியர் தாரியோ ஃபோவின் 'நோன் சி பாகா! நோன் சி பாகா!' இப்படிப்பட்டது. தலைப்பைத் தமிழில் 'காசு தரமாட்டோம்! காசு தரமாட்டோம்!' எனலாம். இந்த வடிவம் எப்படி வாய்த்தது என்று தேடிப் போனால், நாடகப் பிரதியைவிட அது நடிக்கப்பட்ட இடங்கள்தான் அதிகம் சொல்கின்றன.

1962இல் ஃபோவும் அவர் மனைவி ஃபிராங்கா ராமேயும் இத்தாலி முழுதும் அறிந்த தொலைக்காட்சி முகங்கள். கட்டுமானத் தொழிலாளரின் பாதுகாப்பைப் பற்றிய ஒரு நகைச்சுவைக் காட்சியை அரசுத் தொலைக்காட்சி தணிக்கை செய்ய, இருவரும் 'கான்சொனிசிமா' நிகழ்ச்சியிலிருந்தே வெளியேறினார்கள். மீண்டும் அந்தத் திரைக்கு வர 1977 ஆயிற்று. 1968இல் வணிக அரங்கையும் விட்டார்கள். பொதுவுடைமைக் கட்சியின் பண்பாட்டு அமைப்பின் துணையோடு 'நுவோவா ஷேனா' குழு உருவாகி, தொழிலாளர் கூடும் 'மக்கள் இல்லங்களில்' நடித்தது. அந்தத் துணை நெடுநாள் நீடிக்கவில்லை. 1969இல் வந்த ஒரு நாடகத்தில், பில்லியர்ட்ஸ் மேசை போடுவதற்காக மக்கள் இல்லத்தின் நூலகத்தைத் தொழிலாளர்களே காலி செய்கிறார்கள். கட்டிவைக்கும் நூல்களைப் புரட்டப் புரட்டத் தாங்கள் இழந்தது என்னவென்று உணர்கிறார்கள். சொந்த வீட்டின் குறையைச் சபையில் சொன்னால் வீட்டார் பொறுப்பார்களா? 1970இல் உறவு முறிந்து 'லா கொமூனே' பிறந்தது.

இந்தக் குழுவின் காட்சிக்கு வருபவர் உறுப்பினர் அட்டை வாங்க வேண்டியிருந்தது. தனியார் மன்றம் என்ற பெயரில் நடித்ததால் காவல்துறையின் முன் அனுமதி என்ற பிடியிலிருந்து தப்ப முடிந்தது. நாடகம் முடிந்தபின் பார்வையாளரோடு நடக்கும் விவாதத்தை ஃபோ 'மூன்றாம் அங்கம்' என்றார். அங்கே எழுந்த கேள்விகளுக்கேற்ப வசனமும் காட்சியும் மாறின. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் அன்றைய ஊர்ச் செய்தியைக் கதைக்குள் இழுத்துவருவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே அந்த உரிமை பார்வையாளரின் கைக்கும் போனது என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் இத்தாலியில் விலைவாசி ஆண்டுக்கு 20 விழுக்காட்டை நெருங்கி ஏறியது. 1974இல் தூரின் வட்டாரத் தொழிலாளர்கள் உயர்த்தப்பட்ட பேருந்துக் கட்டணத்தைத் தர மறுத்துப் பழைய கட்டணத்தையே தந்தார்கள். மின்கட்டணத்திலும் இப்படியே செய்தார்கள். அதே ஆண்டு லா கொமூனே, மிலானில் கைவிடப்பட்டுக் கிடந்த 'பலாட்சினா லிபர்ட்டி' கட்டடத்துக்குள் புகுந்து அதைச் சீர்செய்தது. அது பழைய காய்கறிச் சந்தையின் கட்டடம். உணவு விலையைப் பற்றிய 'நோன் சி பாகா! நோன் சி பாகா!' நாடகம் 1974 அக்டோபர் 3 அன்று அங்கேதான் முதலில் அரங்கேறியது.

கதை ஒரு சமையலறையில் நடக்கிறது. பேரங்காடியில் விலையேற்றத்தை எதிர்த்துப் பெண்கள் கொதித்தெழ, அந்தோனியாவும் கைக்கு அகப்பட்டதை அள்ளி வருகிறாள். அவசரத்தில் அள்ளியதில் நாய் பூனைக்கான டின் இறைச்சியும் பறவைக்கான தினையும் இருக்கின்றன. தினை நமக்கு உணவு. மிலான் தொழிலாளிக்கோ அது கூண்டுப் பறவையின் தீனி. கணவன் ஜொவான்னி கட்சிக்காரன், சட்டம் மீறாதவன், திருட்டுச் சோற்றைத் தொடமாட்டேன் என்பவன். அவன்தான் பசியில் அந்த டின்னைத் திறந்து ரசித்துச் சாப்பிடுகிறான். தோழி மார்கரீத்தா மூட்டைகளைக் கோட்டுக்குள் திணித்துக் கர்ப்பிணியாகிறாள். சோதனைக்கு வரும் காவலர், அவருக்குப்பின் வரும் அதிகாரி, சவப்பெட்டிக்காரர், முதியவர் எல்லோரும் ஒரே நடிகர். ஆள் போதாத குழுவின் சிக்கனமே இங்கே அங்கதம் ஆகிறது. எந்தச் சீருடையில் வந்தாலும் அதிகாரத்துக்கு ஒரே முகம். முதலாளியை மேடைக்குக் கொண்டுவராததும் இதே கணக்கில் சேரும். அவர் இருப்பது விலைச்சீட்டில்தான்.

1978இல் லண்டன் ஆல்ட்கேட்டில், பழைய யூத ஆலயம் ஒன்றில் இயங்கிய சிறு குழுவான ஹாஃப் மூன் இதை ஆங்கிலத்தில் நடித்தது. 1981இல் அது கிரைடீரியன் என்னும் வணிக அரங்குக்குப் போனது. காட்சி முடிந்ததும் உட்கார்ந்து வாதிடும் வழக்கம் அங்கே இல்லை. சிரிப்பு மிஞ்சியது, அரசியல் மெலிந்தது. தலைப்பும் மாறியிருந்தது. இத்தாலியத்தில் மறுப்பு மட்டுமே உண்டு. ஆங்கிலத் தலைப்பு 'தர முடியாதா? தரமாட்டோம்!' என்று இயலாமையை முன்னால் வைத்தது. 'முடியாது' என்பதற்கும் 'மாட்டோம்' என்பதற்கும் உள்ள தூரம் தமிழ்க் காதுக்கு நன்றாகவே தெரியும்.

கிரைடீரியனில் விடுபட்ட மூன்றாம் அங்கத்தை நான் வேறோர் இடத்தில் காண்கிறேன். செல்வந்தருக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் விதிக்கப்பட்ட தலைவரியை எதிர்த்து 1990இல் பிரிட்டன் தெருக்களில் இறங்கியவர்கள் ஏந்திய அட்டைகளில், இந்த நாடகத்தின் ஆங்கிலத் தலைப்பே முழக்கமாக இருந்தது. மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கம் கலவரமானது. 1993இல் தலைவரி போய், வீட்டு மதிப்பைக் கணக்கில் கொள்ளும் வரி வந்தது.