சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

2021 மே மாதம் பெரிய மாமா பாரீஸுக்குப் பக்கத்தில் இறந்துபோனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்க ஊரில் ‘சொல்தா’ என்று சொல்வோமே, அந்த வகை. கொரோனா காலம், போக வழியில்லை. அடக்கத்தை அவர் பிள்ளைகள் ஃபோனில் நேரலையாகக் காட்டினார்கள். இங்கே புதுச்சேரியில் பெரியம்மா, அவருக்கு ஒரே தங்கை, வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை இறக்கும் நேரத்தில் படம் நின்றது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு நிமிஷம் கழித்துப் படம் வந்தபோது எல்லோரும் பூ போட்டுவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒண்ணும் சொல்லலை. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

தம்பி உடனே ஃபோனை எடுத்து இணைப்பு கொடுத்தவர்களைத் திட்ட ஆரம்பித்தான். நானும் அப்போது அவன் கட்சிதான். மறுவாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். முன் கூடத்தில் வேகம் முழுசாக இருந்தது. இரண்டாம் கட்டுக்குள் நுழைந்ததும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஃபிரான்ஸிலிருந்து எங்கள் முன் கூடம் வரை ஒழுங்காக வந்து சேர்ந்த படம் கடைசி இருபது அடியில் செத்திருக்கிறது. லைன் கொடுத்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

இந்தக் குறிப்பு அந்தக் கடைசி இருபது அடியைப் பற்றியது. புதுச்சேரியில் வீட்டுக்குள் ஒலியும் படமும் வந்த கதையைத் தேடிப் படிக்கும்போதெல்லாம் இந்த ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: பழுது சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

எங்கள் தலைமுறைக்கு முதல் பாடம் மொட்டை மாடியில் நடந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் வந்தது. அதன் கோபுரம் அந்தத் தீவின் மிக உயரமான மலையான பீதுருதாலகாலையில், 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். கணக்குப்படி அது தெரியவே கூடாது. ஆனால் கோடையில் சில நாள் கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு அடுக்காகப் படிந்து நிற்கும். அந்த அடுக்குக்குக் கீழே அலை குழாய்க்குள் போவதுபோல வளைந்து வெகுதூரம் ஓடிவிடும். அப்போது எங்க மாடியிலும் பூஸ்டர் போட்ட ஆன்டெனாவில் படம் வரும். ஒருத்தர் மேலே கம்பியைத் திருப்ப, ஒருத்தர் முற்றத்தில் நின்று கத்த, இன்னொருத்தர் டிவி முன்னால் “வந்துடுச்சு… போயிடுச்சு” என்று சொல்ல, மூணு பேர் வேலை அது. படம் வராத நாளில் இலங்கைக்காரனைத் திட்டுவோம். பாதி நாள் பார்த்தால், உப்புக்காற்றில் ஆன்டெனாக் கம்பியின் முனை பச்சை பிடித்துப் போயிருக்கும். சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும்.

அடுத்த பாடம் ஊருக்கு வெளியே, வில்லியனூரில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியோடு 1998இல் தொடங்கிய கிராமத் தகவல் மையங்களைப் பற்றி வெளிநாட்டில் நிறைய எழுதியிருக்கிறார்கள். 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தது. நம்ம ஊரில்தான் பலருக்குத் தெரியாது. வில்லியனூரில் ஒரு மைய நிலையம். அதற்கு மட்டும் தொலைபேசி வழியாக இணையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு, கீழூர் போன்ற ஊர்களுக்கு ரேடியோ அலை வழியாகத் தகவல். (கீழூர் என்றால் 1954 அக்டோபர் 18 அன்று 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த அதே கீழூர்தான்.) மின்சாரம் நம்ப முடியாததால் சூரியத் தகடு. தொலைபேசிக் கம்பி எல்லா ஊருக்கும் போகாததால், பேசுவதற்கான வி.எச்.எஃப். ரேடியோவிலேயே எழுத்துத் தகவலையும் அனுப்பினார்கள். மெதுவானதுதான். நெல் விலைக்கும் அரசாங்க அறிவிப்புக்கும் அது போதும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து அந்த ஊருக்கு அனுப்பினார்கள். மையத்தின் கணினி வரை அது போய்விட்டது. ஆனால் விடியலுக்கு முன்னால் கடலுக்குப் போகிறவர் கணினி முன்னால் வந்து உட்காரமாட்டார். அதனால் தமிழில் பேசி, ஊரில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் போட்டார்கள். செயற்கைக்கோளும் இணையமும் ரேடியோவும் தாண்டி வந்த செய்திக்குக் கடைசி நூறு அடியைக் கடத்தியது கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அதே குழாய் ஸ்பீக்கர்.

அதன் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஃபோன் போட்டார். அந்தத் தகவல் மையத்தில் முன்பு தொண்டராக வேலை செய்தவர் அவர். ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர். படகுகளும் வீடுகளும் போயின, ஆட்கள் தப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு வீட்டுக்குச் செய்தி வருவதற்கு ஒரு ஃபோன் போதும். அந்த ஒரு வீட்டிலிருந்து மற்ற வீடுகளுக்கு அது எப்படிப் போனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கியது. அன்றைய அரசுக் கொள்கைப்படி 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். பழைய தொலைபேசிக் கம்பியிலேயே பேச்சுக்குக் கீழ் அலைவரிசை, இணையத்துக்கு மேல் அலைவரிசை; இரண்டையும் பிரிக்க ஒரு சின்ன டப்பா. எங்க வீட்டில் கொஞ்ச நாளைக்கு ஃபோன் மணி அடித்தாலே நெட் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் கோளாறு என்று சத்தியம் செய்தோம். பார்த்தால், பெரியப்பா எப்போதோ பின்கட்டுக்கு இழுத்திருந்த ‘பேரலல்’ ஃபோனுக்கு அந்த டப்பாவை மாட்டவே இல்லை.

ஒரு தடவை மட்டும் நிஜமாகவே பழுது தூரத்தில் இருந்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அதில் ஒன்று சீ-மீ-வீ 4: சிங்கப்பூரில் தொடங்கிச் சென்னை, மும்பை வழியாக ஃபிரான்ஸின் மார்செய் வரை போகும், ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர். சொல்தா வீடுகள் நிறைந்த ஊரில் அந்த வாரம் ஸ்கைப் படுத்துவிட்டது. எங்க தெருவில் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டே பலர் நாளைக் கழித்தார்கள். பிரித்துப் பார்க்க வழி இருந்தது: சென்னையில் இருக்கும் தளம் திறக்கிறதா? திறந்தால் வீடும் எக்ஸ்சேஞ்சும் நல்லாத்தான் இருக்கு. அடுத்தது சிங்கப்பூர், அதற்கடுத்தது ஐரோப்பா. எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. ஆன்டெனாவில் மூணு பேர் நின்று கத்தியதும் இதே வேலைதான்.

திரும்பப் பெரியம்மா வீட்டுக்கு வருகிறேன். ஒன்றரை அடிக் கனத்தில் செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. தெருவிலிருந்து ஃபைபர் நுழையும் இடத்திலேயே, முன் கூடத்து மூலையில், மர பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை வைத்திருந்தார்கள். அசிங்கமாகத் தெரியக் கூடாதாம். வைஃபை இரண்டு வரிசையில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. இந்த இரண்டாவது வேகமானது, ஆனால் கனத்த சுவரில் சீக்கிரம் செத்துவிடும். ஐப்பசி மழையில் சுவர் ஊறினால் முதலாவதுக்கும் மூச்சு வாங்கும், ஏனென்றால் தண்ணீர் இந்த அலைகளைக் குடித்துவிடும்.

இந்த மாதிரி பழைய தமிழ் வீடுகளில் ஒரு வசதி உண்டு. வாசலில் நின்றால் கொல்லை தெரியும். கதவுகள் ஒரே கோட்டில் இருக்கும். காற்றுக்காகச் செய்தது, அலைக்கும் உதவுகிறது. ரவுட்டரைப் பீரோவிலிருந்து எடுத்து அந்தக் கோட்டில், நிலைக்கு மேலே மாட்டியதுமே இரண்டாம் கட்டில் வேகம் பாதிக்கு மேல் ஏறியது. அதுக்கும் மேலே போக ஒரே வழி கம்பிதான். தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி ஒரு லேன் கேபிளை இழுத்து, முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் இன்னொரு பெட்டி வைத்தோம். சுவரைத் துளைக்கவே இல்லை. அரைநாள் வேலை, செலவும் அதிகமில்லை.

மறு வருஷம் மாமாவின் முதலாண்டுப் பூசையை அங்கிருந்து காட்டினார்கள். ஒன்றேகால் மணி நேரம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. முடிந்ததும் பெரியம்மா என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, அன்னிக்கு விட்டுப்போன அந்தக் கொஞ்சத்தை இப்பப் பாக்க முடியாதா?” என்று கேட்டார். அங்கே எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு யாரும் பதிவு செய்யவில்லை.